கல்லைவிடச் சீட்டு முக்கியம்: புதுச்சேரிப் பக்கம் புதைபடிவம் தேட வருகிறவர்களுக்கு

என் வீட்டு அலமாரியில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய அம்மோனைட் ஒன்று: எப்போதோ அழிந்துபோன, சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவம். உள்ளங்கை அகலம். சுருள் உடையாமல் முழுசாக இருக்கிறது. உள்ளே அறை அறையாகத் தடுத்த சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடமெல்லாம் சிக்குக் கோலம் போல வளைந்து நெளிந்த கோடுகள். புதைபடிவ ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியையிடம் அதைப் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கல்லைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்கே எடுத்தீர்கள் ஐயா?” என்றார். வழுதாவூர்ப் பக்கம் என்றேன். “பக்கம் என்றால்?” கிணற்று மண்மேட்டில் என்றேன். “எந்தக் கிணறு? எத்தனை அடி ஆழத்து மண்?” எல்லாவற்றையும் சீட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன். அந்தச் சீட்டைக் கரையான் தின்றுவிட்டது. “அழகாக இருக்கிறது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரசீது இல்லாமல் ஐந்து ரூபாயைக்கூட வரவு வைத்ததில்லை. கல் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி தாமதமாகத்தான் வந்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கூடமாட உதவ ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வரும் ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரியாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் தேநீர்க் கடையில் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

காலுக்குக் கீழே இருப்பது எது?

சுத்தியல் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நம் பகுதியில் புதைபடிவம் தரும் நிலம் இரண்டு வகை. இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டுகள் இடைவெளி. குழப்பிக்கொண்டால் எல்லாமே தப்பாகப் போகும்.

முதல் வகை, செம்மண் மேடு. கடலூர்க் கேப்பர் மலை, பண்ருட்டி முந்திரித் தோப்புகள், புதுச்சேரிக்கு வடக்கே மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும் செந்நிலம் எல்லாம் இதில் அடங்கும். நிலவியலாளர்கள் இதற்குக் கடலூர் மணற்கல் என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதில் கிடைப்பது கல்மரம். திருவக்கரையில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் முதல் ஞாயிறு அங்கேதான் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கிறது. 247 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 200 கல்மரங்கள். வயது 2 கோடி ஆண்டுகள் அளவில் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். 1781-இலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஊர்க்காரர்களின் பதிவு அதற்கும் பழையது: வக்கிரகாளி கோயில் கதையில் வரும் அசுரனின் எலும்புகள் இவை என்பார்கள்.

பூங்காவில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். அடிமரங்கள் கிடக்கின்றன, கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. ஒன்றுகூட நிற்கவில்லை. அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை. வரும் வழியில் கிளையும் வேரும் முறிந்துபோயின. பிறகு நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து இறுகிவிட்டது. கல் எப்படிக் கிடக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பாதி போய்விடும்.

இரண்டாம் வகை, புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள பழைய கடல் தரை. வழுதாவூர், மெட்டுவெளி, கரசூர், மணவெளி என்று அடுக்குகளுக்கே இந்த ஊர்களின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். வழுதாவூர் அடுக்கு 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில் படிந்த கடல் வண்டல். கரசூர் அடுக்கு அதற்குப் பிந்தியது, டைனோசர்கள் அழிந்த பிறகு வந்தது. இரண்டுக்கும் நடுவே 6.6 கோடி ஆண்டு என்ற கோடு ஓடுகிறது. காலைச் சிற்றுண்டிக்கு முன்னால் சைக்கிளிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்வரலாம். ஆனால் மேலே வயலும் வீடும் தொழிற்பேட்டையும் மூடிக்கிடப்பதால் பாறை சுலபத்தில் கண்ணில் படாது. கிணறு வெட்டும்போதும், வாய்க்கால் தோண்டும்போதும், ஏரி தூர்வாரும்போதும்தான் வெளியே வரும். ஆகவே நம் வேலையில் பாதி, எங்கே ஜேசிபி நிற்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது.

இங்கே முதலில் பொறுக்கியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். கேய், கன்லிஃப் என்ற இரண்டு பேர். சென்னை மாகாண நிர்வாகத்தில் அதிகாரிகள். அவர்கள் சேர்த்து லண்டனுக்கு அனுப்பிய கற்களை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து எழுதினார். புது அம்மோனைட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: இந்திரா, பிரம்மா, சூரியா, வருணா. நம் சாமிகள் எல்லோரும் அந்தக் கட்டுரையில் கல்லாகச் சமைந்திருக்கிறார்கள். சூடோஃபிலைட்டிஸ் இந்திரா என்ற பெயரை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்தப் பழைய சேகரிப்பில் ‘பாண்டிச்சேரி’ என்பதே பல கற்களின் முழு முகவரி. பாண்டிச்சேரி என்றால் எந்த அடுக்கு? 1895-இல் வார்த் என்பவர் இந்தப் பகுதியை அடுக்கடுக்காகப் பிரித்துச் சேகரித்து எழுதிய பிறகு, புதைபடிவ ஆய்வாளர் கோஸ்மாட் அதை வைத்து ஆராய்ந்த பிறகுதான் ஒழுங்கு வந்தது. அரை நூற்றாண்டுத் தாமதம். கரையான் எனக்குச் செய்தது ஒரு கல்லோடு நின்றது.

யாரிடம் கேட்க வேண்டும்?

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புவி அறிவியல் துறைகள் இருக்கின்றன. உங்கள் பெயர், தொழில், எந்த நாள்களில் வர முடியும், என்ன தெரியும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். படம் வரைய வரும், நிழற்படம் எடுக்க வரும், வண்டி இருக்கிறது, ஊர்க்காரர்களிடம் பேசத் தெரியும் ஆகியவை எல்லாம் தகுதிகளே. நிலவியல் தெரியும் என்று மட்டும் சும்மா எழுதிவிடாதீர்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராமல் இருக்கலாம். ஆய்வு மாணவர்கள் களப்பணிக்குக் கிளம்பும் மாதத்தில் இரண்டாவது கடிதம் போடுங்கள்.

அகழ்வு என்ற சொல்லில் கவனம் வேண்டும். நீங்களாகக் கடப்பாரை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டுவது அகழ்வு ஆகாது. அனுமதி பெற்ற ஆய்வாளர் இருக்கும்போது அவர் சொன்ன இடத்தில் சொன்ன ஆழம் வரை தோண்டுவதே தன்னார்வலர் வேலை. ஆய்வாளர் இல்லாத நாளில் மேற்பரப்பைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், குறிக்கலாம். திருவக்கரைப் பூங்காவில் கல்துண்டு ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. நெய்வேலிச் சுரங்கத்துக்குள்ளும் கல் குவாரிகளுக்குள்ளும் அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. குவாரியில் வெடி வைக்கும் நேரம் உங்களுக்குத் தெரியாது. புவிப் பாரம்பரிய இடங்களையும் புதைபடிவம் போன்ற புவி எச்சங்களையும் காக்கச் சட்டம் கொண்டுவர மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022-இல் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. சட்டம் எப்படி இருந்தாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் வரப்பில் நிற்கிறார். முதல் அனுமதி அவருடையது.

அதை எப்படிக் கேட்பது என்று ஒன்று சொல்கிறேன். கல்லைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். மல்லாட்டை எப்படி வந்திருக்கிறது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலேயே நிலவியல் வந்துவிடும்: “முதலில் பத்தடி கருப்புக் களிமண் தம்பி, அப்புறம் மஞ்சளாகச் சுண்ணாம்புக் கல், அதில் கடப்பாரையே இறங்காது.” இதைவிட நல்ல அடுக்கு விவரம் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. எழுதிக்கொள்ளுங்கள். புதையல் தேடுகிறீர்களா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். பையைத் திறந்து காட்டிவிடுங்கள். கண்டெடுத்ததை அவரிடம் காட்டிவிட்டே எடுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பானை ஓடு, தாழி, உறைகிணறு, மணி என்று ஏதாவது தென்பட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். அரிக்கமேடு பக்கத்தில் இருக்கும் ஊர் இது. மண்ணுக்குள் மனிதர்கள் செய்த பொருள்கள் நிறையவே உண்டு. அது தொல்லியல் துறையின் வேலை. வட்டாட்சியருக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ தகவல் சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலப் பத்து ரூபாய்தான், ஆனாலும் சட்டம் சட்டமே.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், ஆறு அங்குல ஸ்கேல், பென்சில், நோட்டு, பழைய செய்தித்தாள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், பல் துலக்கும் பழைய பிரஷ், பெயின்ட் பிரஷ், சின்ன உளி, சின்னச் சுத்தியல், கண்ணுக்குக் கண்ணாடி, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடிவிடும். பெரிய சுத்தியல் கொண்டுவருகிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கைபேசியில் இடக்குறியீடு (ஜிபிஎஸ்) காட்டும் வசதியை வீட்டிலேயே ஒருமுறை இயக்கிப் பழகிவிட்டு வாருங்கள்.

மார்கழி மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு மாசி வரை நல்ல காலம். மழை புதிதாகக் கழுவிவிட்ட செம்மண் பள்ளங்களில் கல்மரச் சில்லுகள் தானாகவே தலைநீட்டி நிற்கும். பங்குனி தாண்டினால் காலை ஒன்பது மணிக்கே பாறை சுடும். கல்லைத் தூக்கும் முன்பு குச்சியால் தட்டுங்கள், அடியில் தேளோ கட்டுவிரியனோ குடியிருக்கும். கட்டாத மண்கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. விளிம்பிலும் நிற்கக்கூடாது. வேண்டியதெல்லாம் வெளியே கொட்டிய மண்ணில் இருக்கிறது.

தோண்டும் நாள்

புதிதாக வருகிறவர்கள் இந்த நாளுக்காகத்தான் வருகிறார்கள். வந்து பார்த்தால் காலை முழுக்க மண் அள்ளும் வேலை. அதற்குத் தயாராக வாருங்கள்.

ஆய்வாளர் முதலில் ஒரு சதுரத்தைக் கயிறு கட்டிக் குறிப்பார். அதைப் படம் எடுப்பது உங்கள் வேலை. வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறியும் ஸ்கேலும் படத்தில் விழ வேண்டும். பிறகு மேல் மண்ணை மெல்ல மெல்லச் சீவ வேண்டும். கொத்துவது ஆகாது. தோசைக் கரண்டியால் சட்டியைச் சுரண்டுவதுபோலக் கொத்தனாரின் பூச்சுக் கரண்டியான கொல்லுறுவைப் படுக்கைவாட்டில் இழுங்கள். சீவிய மண்ணைக் கொட்டிவிடாமல் வாளியில் போட்டு, எந்தச் சதுரம் எந்த ஆழம் என்ற சீட்டோடு சல்லடைக்கு அனுப்புங்கள். சுறாப் பல், சின்ன நத்தை ஆகியவற்றைச் சல்லடைக்காரரே கண்டுபிடிப்பார். தோண்டுகிறவர் கண்ணில் அவை படாது. எங்கள் குழுவில் அரிசி புடைத்துப் பழகிய பெண்மணிகள் சல்லடையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது, அத்தனை வேகம், அத்தனை கூர்மை.

களிமண்ணை அப்படியே சலிக்க முடியாது. நன்றாகக் காயவைத்து, பிறகு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஈரமண்ணை ஊறப்போட்டால் கட்டி கரையாது. காய்ந்த மண் தானாகவே குலைந்து சேறாகும். மேல் தண்ணீரை வடித்து வடித்துக் கழுவினால் அடியில் மணல்போல ஏதோ மிஞ்சும். அந்த மணலில் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிரிகளின் ஓடுகள் இருக்கும். ஆய்வகத்தில் 63 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சல்லடையில் இதைப் பிடிப்பார்கள். 6.6 கோடி ஆண்டுக் கோட்டைத் துல்லியமாகக் காட்டுவதில் பெரிய அம்மோனைட்டைவிட இந்தத் தூசிக்கு மதிப்பு அதிகம். இதைச் சொன்னால் புதியவர்கள் முகம் வாடும். லென்ஸ் வைத்து ஒருமுறை பார்த்த பிறகு வாடுவதில்லை.

பெரிதாக ஏதாவது தட்டுப்பட்டால் கை நிற்க வேண்டும். ‘கிடைத்துவிட்டது’ என்று பிடித்து இழுப்பதே நாங்கள் பார்க்கும் பெரிய தவறு. இழுத்தால் பாதி உங்கள் கையில், பாதி மண்ணில். சுற்றிலும் ஒரு சாண் தள்ளிப் பள்ளம் எடுத்து, மண்ணோடு சேர்த்து ஒரு மேடையாக நிற்க வையுங்கள். படம் எடுங்கள். ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். பொலபொலத்த மண்ணில் இருக்கும் பொருளுக்கு மட்டும் கட்டு போடுவார்கள்: முதலில் ஈரச் செய்தித்தாள் இரண்டு மூன்று சுற்று, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத் துண்டுகள். புத்தூர்க் கட்டு மாதிரிதான். காகிதம் போடாமல் சாக்கைப் போட்டால் பிளாஸ்டர் படிவத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. கல்மரத்துக்கும் கடினமான சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் அம்மோனைட்டுக்கும் இதெல்லாம் தேவையில்லை. செய்தித்தாளும் பையும் போதும்.

உடைந்ததைக் களத்தில் ஒட்ட வேண்டாம். கடையில் விற்கும் பசையைப் போட்டுவிட்டால் அதை எடுக்க ஆய்வகத்தில் நாள்கணக்கில் பாடுபட வேண்டும். துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ‘ஒன்றே’ என்று எழுதிவிடுங்கள்.

சீட்டு

இதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதினேன். ஒரு கல்லுக்கு இரண்டு சீட்டு. ஒன்று பைக்குள், ஒன்று பைக்கு வெளியே ஒட்டியது. அதே எண் நோட்டிலும் இருக்க வேண்டும். எங்கள் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

“எண் 14. பிப்ரவரி 9, காலை 8.40. வழுதாவூருக்குக் கிழக்கே, விவசாயக் கிணற்று மண்மேடு, மேட்டின் தென்பக்கம். இடக்குறியீடு குறித்தாயிற்று. கிணற்று ஆழம் 40 அடி. மஞ்சள் சுண்ணாம்புக் கல் 25 அடிக்குக் கீழே என்று உரிமையாளர் சொன்னார். கல்லோடு ஒட்டிய மண் மஞ்சள். இடத்தில் பொதிந்தது இல்லை, மேட்டில் கிடந்தது. அனுமதி பெற்று எடுத்தது. படங்கள் 31 முதல் 34 வரை.”

இதில் ‘மேட்டில் கிடந்தது’ என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். மேட்டில் கிடந்தால் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது ஊகம். பாறையிலேயே பொதிந்திருந்தால் அது சாட்சி. இந்த வித்தியாசத்தை மறைத்து எழுதினால் வம்பு வரும். அம்மோனைட் இனம் முழுக்க 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு அழிந்துபோனது. கரசூர் அடுக்கில் அம்மோனைட் எடுத்தேன் என்று நீங்கள் எழுதினால், ஒன்று உலகச் செய்தியாகும், இல்லையென்றால் இரண்டு மேட்டு மண்ணைக் கலந்துவிட்டீர்கள் என்று பொருள். இரண்டாவதுதான் என்று பந்தயம் கட்டுவேன். கல்லில் ஒட்டிய மண்ணைக் களத்தில் கழுவாதீர்கள் என்று நாங்கள் கத்துவதற்கும் இதே காரணம்: அந்த மண்தான் கல்லின் முகவரி.

என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: சீட்டையும் சிறு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். கரையான் பிளாஸ்டிக்கைத் தின்றதாகக் கேள்விப்பட்டதில்லை.

இது என்ன?

வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பியதும் எல்லோரும் கேட்பது. முதலில், இது புதைபடிவமே இல்லை என்று நிரூபிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

செம்மண்ணில் கிடைக்கும் துண்டு மரமா, வெறும் கல்லா? தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். காய்ந்த கல்லில் தெரியாத கோடுகள் நனைந்ததும் எழும்பும். கண்ணாடித் துண்டில் கீறிப் பாருங்கள். கல்மரம் சிலிக்கா, கண்ணாடியைக் கீறும். சாணைக்கல் நிறத்தில் இரும்பு வளையங்களோடு வரும் செம்பூராங்கல் துண்டு மரத்தின் ஆண்டு வளையம்போலவே ஏமாற்றும். லென்ஸில் பார்த்தால் மரத்தில் வளையத்துக்கு நடுவே வரிசை வரிசையாக நுண்ணிய துளைகளும் மையத்திலிருந்து கதிர்கள்போல ஓடும் கோடுகளும் இருக்கும். இரும்பு வளையத்தில் ஒன்றும் இருக்காது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லைக் கண்ணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். போலீஸ் கதைகளில் வருவதுபோலக் கல்லின் மேல் லென்ஸை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

குறுக்குவெட்டு முகத்தில் பெரிய துளைகள் தெரிந்தால் பூக்கும் மரம்; துளையே இல்லாமல் ஒரே அளவுச் செல்கள் வரிசைகட்டி நின்றால் ஊசியிலை மர வகை. திருவக்கரையில் பெயர்பெற்ற ஊசியிலை மரத்துக்கு மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம் என்று பெயர். இதற்கு மேல் நம்மால் முடியாது. எந்தக் குடும்பம், எந்த இனம் என்று சொல்ல மூன்று திசையில் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு, 30 மைக்ரான் கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். லக்னோவில் உள்ள பீர்பல் சஹானி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் இப்படித்தான் கடலூர் மணற்கல்லில் மருத மரத்தின் உறவினர்களையும், இன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஓங்கி நிற்கும் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களையும் அடையாளம் கண்டார்கள். முந்திரிக்கே தண்ணீர் போதாத இந்த மேட்டில் மழைக்காட்டு மரம்! எங்கிருந்தோ ஆறு அடித்துவந்தது என்றாலும் அந்த ஆற்றின் கரையெல்லாம் மழை கொட்டியிருக்க வேண்டும்.

உதிரிச் சில்லு ஒன்றை வீட்டில் உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம். முரட்டுத்தாளில் ஆரம்பித்து மெல்லிய தாளுக்கு வாருங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும், உலர்வாகத் தேய்த்தால் சிலிக்காத் தூள் நுரையீரலுக்குப் போகும். நல்ல துண்டைத் தேய்க்காதீர்கள்.

கடல் அடுக்குக் கற்களில் முதல் குழப்பம், கிளிஞ்சல். கடற்கரையிலிருந்து யாரோ சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுவந்து வழியில் சிந்தியதாக இருக்கலாம். புதுக் கிளிஞ்சல் லேசாக இருக்கும், உள்பக்கம் வழவழக்கும். படிவமானது கனக்கும், உள்ளே கல் நிரம்பியிருக்கும். பல நேரம் ஓடே கரைந்துபோய் உள்ளச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். சுருளைத் தட்டையாகத் தரையில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? அம்மோனைட்டோ, இன்றைக்கும் கடலில் வாழும் அதன் உறவான நாட்டிலசோ ஆகலாம். ஒரு பக்கம் கோபுரம்போல எழும்பினால் நத்தை வகை. அம்மோனைட்டுக்கும் நாட்டிலசுக்கும் வேறுபாடு, நான் தொடக்கத்தில் சொன்ன கோடுகளே. நாட்டிலசில் அவை எளிய வளைவு. அம்மோனைட்டில் சிக்குக் கோலம். சுருளாமல் நேராகக் குச்சிபோல இருந்து அதே கோலம் தெரிந்தால் பாக்குலைட்டிஸ் வகை. அம்மோனைட்டைப் பார்த்ததும் ‘சாளக்கிராமம்’ என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தவறில்லை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் வரும் சாளக்கிராமங்களுக்குள்ளும் இருப்பது அம்மோனைட்தான், இன்னும் பழையது.

உருண்டை எல்லாம் முட்டை அல்ல. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் கிடைத்த பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று நம்பி ஊரே திரண்டது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள் என்றார்கள். அதேபோலப் பாறைப் பிளவில் கறுப்பாகச் செடிபோலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் மாங்கனீசுக் கறை. இலைக்கு நடு நரம்பு இருக்கும், கறைக்கு இருக்காது.

ஒப்படைத்த பிறகு

கல் ஆய்வாளரிடம் போனதும் நம் எண்ணுக்குப் பதிலாகத் துறையின் எண் ஒன்று ஏறும். இரண்டையும் உங்கள் நோட்டில் சேர்த்து எழுதி வையுங்கள். பின்னால் கேட்டால் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க முடியும். விற்பனை என்ற பேச்சே எங்களிடம் கிடையாது. கேட்டவர்கள் இரண்டு பேர் அடுத்த வாரம் வரவில்லை.

பதில் வர மாதங்கள் ஆகும். வரும்போதும் நீங்கள் எதிர்பார்த்த முழுப் பெயர் இருக்காது. பேரினத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘எஸ்பி’ என்று இரண்டெழுத்துச் சுருக்கம் போட்டிருப்பார்கள். பேரினம் தெரிகிறது, சிற்றினம் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். ‘சிஎஃப்’ என்று இருந்தால், இன்னதை ஒத்திருக்கிறது, உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்று பொருள். புதியவர்கள் இதைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். எங்கள் எண் 14-க்கு ஒன்பது மாதம் கழித்து வந்த சீட்டில் பாக்குலைட்டிஸ் எஸ்பி என்று இருந்தது. அதற்குக் கீழே பேராசிரியை பென்சிலால் எழுதியிருந்தார்: “அந்தக் கிணற்றில் 25 அடிக்குக் கீழே இருந்து எடுத்த மண் இன்னும் மேட்டில் இருந்தால் இரண்டு வாளி வேண்டும்.” அடுத்த ஞாயிறு அதற்குத்தான் போகிறோம். வருகிறவர்கள் சாக்கு கொண்டுவாருங்கள்.